ஏரும் ஏடும்

திருக்குறளின் பொருட்பாலில் 70 அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் உழவு என்பது நூலின் 104-ஆம் அதிகாரமாக நிற்கிறது. அதனை அடுத்து வருவது நல்குரவு, அஃதாவது வறுமை. அதற்கும் அடுத்தது இரவு; அஃதாவது பிறரிடம் சென்று கையேந்துதல். உலகத்தைத் தாங்குவோன் உழவன் என்று போற்றிய புலவர், அந்த ஏட்டைத் திருப்பியவுடன் வறுமையை வைத்தது ஏன்? அதிகாரங்களின் வைப்பு முறைக்குக் காரணம் காட்டுதல் பண்டை உரையாசிரியர்களின் வழக்கம். அவர்கள் காட்டும் காரணம் ஒருபுறம் இருக்க, இக்காலத்து மாணவன் இவ்வினாவைத் தானே எழுப்பிக்கொண்டு விடை தேடப் புகுவானாயின், உழவு நூல் மட்டும் அவனுக்குப் போதாது. நெல் களத்தில் கிடக்கும் வரையில் உழவு நூல் அதனைப் பற்றிப் பேசும். அந்நெல் சந்தைக்குச் சென்றால் பொருளியல் நூல் பேசும். அதன்மேல் வரி விழுந்தால் அரசியல் நூல் பேசும். அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நூறாண்டு கழித்துக் கேட்டால் வரலாற்று நூல் பேசும். நெல் ஒன்றே; ஆயினும் நூல் நிலையத்தில் இந்நான்கும் நான்கு அலமாரிகளில் அடுக்கப்பட்டிருத்தலின், ஓர் அலமாரியைத் திறந்தவன் மற்றவற்றைத் திறவாமலே போய்விடுகிறான். நான்கு அலமாரிகளிலிருந்தும் சேர்த்தெடுத்துப் படிக்கத்தக்க நூல்கள் சில உள. அவற்றின் இயல்பை ஈண்டுக் காண்போம்.

மண்ணைப் பற்றிய நூல்களுள் முதற்கண் எடுக்கத்தக்கது, 'நாற்பது நூற்றாண்டு உழவர்கள்' என்னும் பொருள்படும் பெயருடைய ஆங்கில நூல். இதனை இயற்றியவர் எப். எச். கிங் என்னும் அமெரிக்க மண்ணியல் அறிஞர். அமெரிக்க நாட்டில் சில தலைமுறைகளுக்குள்ளேயே நிலம் வளமிழந்து வருவதை அவர் கண்டிருந்தார். அவ்வாறிருக்க, சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் நாலாயிரம் ஆண்டுகளாக ஒரே நிலத்தை உழுது வரும் மக்கள் அதன் வளத்தை எங்ஙனம் காத்தனர் என்று அறிய விரும்பி, 1909-ஆம் ஆண்டில் அந்நாடுகளுக்குச் சென்றார். வாய்க்காலின் அடியில் படியும் சேற்றை வாரி வயலில் இடுதல், பசுந்தழையை மடக்கி உழுதல், சாம்பலையும் கழிவையும் வீணாக்காமல் நிலத்துக்கே திருப்பித் தருதல் முதலிய முறைகளை அவர் கூர்ந்து நோக்கிப் படங்களுடன் எழுதியுள்ளார். 1908-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரில் அயல்நாட்டார் வாழ்ந்த பகுதியின் மனிதக் கழிவை அள்ளிச் செல்லும் உரிமைக்காக ஓர் ஒப்பந்தக்காரர் நகராட்சிக்கு 31,000 டாலர் பொன் செலுத்தினார் என்னும் செய்தி அந்நூலில் உள்ளது. பிற நகரங்கள் கழிவை அகற்றுவதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்நகரம் அதனைக் கொடுத்துப் பணம் பெற்றது! கிங் 1911-ஆம் ஆண்டில் நூல் முற்றுப்பெறுமுன்னரே மறைந்தார். அவர்தம் மனைவியார் அதனை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். இறுதி இயல் எழுதப்படாமலே நின்றுவிட்டது.

இந்நூலைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. அவ்வளவு கழிவையும் சேற்றையும் சுமந்தவை மனிதத் தோள்களே. வளம் குன்றாத வயலைக் கண்டு வியக்கும் கண், அதன் வரப்பில் காவடி சுமந்து வளைந்த முதுகையும் காணவேண்டும். கழிவு வழியாக நோய் பரவும் என்பதும் உண்மை. அந்நாட்டு மக்கள் நீரைக் கொதிக்கவைத்துத் தேநீராக்கிப் பருகியதே பல நோய்களினின்றும் அவர்களைக் காத்தது என்பதைக் கிங்கும் குறித்துள்ளார்.

கிங்கின் நூலோடு சேர்த்து வைக்கத்தக்கது ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் 1940-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அன் அக்ரிகல்சுரல் டெஸ்டமென்ட்' என்பது. இவர் 1905-ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு அரசாங்கத்தின் தாவரவியலராக வந்தவர். இந்திய உழவர்க்குக் கற்பிக்க வந்த இவர், சில ஆண்டுகளில் அவர்களிடமே கற்கத் தொடங்கினார். உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்கள் என்று அவர் கருதினார். பூச்சி பயிரைத் தாக்குமாயின் அது பூச்சியின் குற்றமன்று. மண் நலங்கெட்டது என்பதற்கு அடையாளம் என்பது அவர் கொள்கை. பின்னர் இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய காலத்தில், இலை தழை, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, இடையிடையே கிளறிவிட்டு, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மக்கச் செய்யும் முறையை வகுத்தார். அது இந்தூர் முறை என்று இன்றும் வழங்கப்படுகிறது. செயற்கை உரத்தை ஹோவர்டு அறவே வெறுத்தார். அவ்வெறுப்பு முழுவதையும் படிப்போர் ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. ஆனால், உழவன் அறியாதவன் என்னும் எண்ணத்தோடு உழவு நூல் படிக்கத் தொடங்குவோர்க்கு இந்நூலைப்போல் நல்ல மருந்து வேறில்லை.

இனி, மண் செழித்தது, மழை பெய்தது, கதிர் முற்றியது என்று கொள்வோம். அப்போதேனும் பசி நீங்கிவிடுமா? நீங்காது என்று காட்டும் நூல் ஒன்று உண்டு. அதுவே அமர்த்தியா சென் 1981-ஆம் ஆண்டில் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் பொருளியல் நூல். இவர் 1998-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 1943-ஆம் ஆண்டில் வங்காளத்தில் பெரும்பஞ்சம் தோன்றியபோது இவர் ஒன்பது வயதுச் சிறுவர். அப்பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது அவர் மதிப்பீடு.

உணவு விளையாமையால் மக்கள் மாண்டனர் என்றே அரசாங்கத்தார் எழுதி வைத்தனர். சென் விளைவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அக்கணக்கின்படி 1943-இல் வங்காளத்தில் இருந்த உணவு, அதற்கு முந்திய ஐந்தாண்டுகளின் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு. 1941-இல் இருந்ததைவிடவோ ஏறத்தாழ 13 விழுக்காடு மிகுதி! 1941-இல் பஞ்சம் இல்லை. 1943-இல் தெருவெல்லாம் பிணங்கள் கிடந்தன. இதனைப் படிக்கும் மாணவன் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். உணவு இருந்தது, ஆனால் அதனை வாங்கும் ஆற்றல் சிலருக்கு இல்லாமற் போயிற்று. போர்க்காலச் செலவினால் நகரத்தில் பணம் பெருகியது. அரிசியின் விலை 1942 இறுதியினின்று 1943 நடுப்பகுதிக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியது. கூலியாளின் கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. ஆதலின் நிலமற்ற உழவுத் தொழிலாளர், மீனவர், வண்டியும் படகும் ஓட்டுவோர் ஆகியோரே மிகுதியாக மாண்டனர். சொந்த நிலத்தில் விளைத்தோரும், விளைவில் பங்கை நெல்லாகவே பெறும் வாரக்குடியினரும் அவர்களைக் காட்டிலும் பிழைத்தனர். நெல்லை நட்டவள் கூலியைப் பணமாகப் பெற்றதனால் மாண்டாள் என்றால், அதனை எந்த உழவு நூல் விளக்கும்? சென் எடுத்துக்கொண்ட விளைவுக் கணக்குப் பிழையுடையது என்று மறுப்போரும் உளர். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும், களஞ்சியத்தை மட்டும் பார்த்துப் பஞ்சத்தை அளத்தல் கூடாது என்னும் அவர் கூற்றை எவராலும் தள்ள இயலவில்லை.

வங்காளப் பஞ்சத்தைப் படித்தவர்கள் அதற்கு 66 ஆண்டுகட்கு முன்னர்த் தமிழகத்தைச் சூறையாடிய பஞ்சத்தையும் படித்தல் நன்று. அது தாது ஆண்டில் தோன்றியமையால் தாது வருடப் பஞ்சம் எனப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னாட்டிலும் பிற பகுதிகளிலுமாக 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னையில் வெளிவந்த செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி என்பவர், பஞ்ச நிவாரணக் குழுவிலும் பணிசெய்து, தாம் கண்டவற்றை 1878-ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக எழுதினார். இது படிப்பதற்கு எளிய நூலன்று. அரசாங்கக் கடிதங்களும் அட்டவணைகளும் பக்கந்தோறும் வந்து நிற்கும். ஆயினும் அவ்வட்டவணைகளே அந்நூலின் உயிர்.

அதில் வரும் ஒரு செய்தியை மட்டும் சொல்லலாம். பஞ்ச நிவாரண வேலைகளை மேற்பார்க்க 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி சென்னைக்கு அனுப்பப்பட்டார். கல்லுடைக்கவும் மண் சுமக்கவும் வந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் குறைத்துவிட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இது உயிரைக் காக்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழிந்த பின்னரே அளவு உயர்த்தப்பட்டது. டெம்பிள் இயல்பிலேயே கல்நெஞ்சரா? வரலாறு வேறொன்று சொல்கிறது. இதே டெம்பிள், 1873–74-ஆம் ஆண்டுகளில் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாகத் தருவித்து, சாவு மிகாமல் காத்தவர். அதற்காக அவர் பெற்றது பாராட்டன்று. அளவுக்கு மீறிச் செலவு செய்தார் என்னும் பழியே. மேலிடத்தின் கண்டனத்தைப் பெற்ற அதிகாரி, அடுத்த பஞ்சத்தில் சிக்கனம் காட்டினார். அச்சிக்கனத்தின் விலை என்னவென்பதைச் சென்னை மாகாணம் அறிந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்தில் கூலிக்கு வந்தோர் தோண்டியதே.

ஆகவே பசிக்கும் வயலுக்கும் இடையில் அரசு நிற்கிறது என்பது விளங்கும். அரசைப் பற்றிய பழைய நூல்களுள் கௌடிலீயரின் அர்த்தசாத்திரம் தலையாயது. இந்நூல் நெடுங்காலம் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்தது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர்க் கீழ்த்திசை நூல் நிலையத்தில் சேர்ப்பித்தார். அந்நிலையத்தில் பணியாற்றிய ஷாமசாஸ்திரி அதன் அருமையை உணர்ந்து, 1909-ஆம் ஆண்டில் மூலத்தை அச்சிட்டார். 1915-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் முழு நூலாக வெளியிட்டார். அச்சுவடியை அளித்த பண்டிதரின் பெயரை ஷாமசாஸ்திரி குறித்துவைக்காமற் போனது வருந்தத்தக்கதே.

அர்த்தசாத்திரம் தொடக்கத்திலேயே கல்வியை நான்காகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று வார்த்தை என்பது. உழவு, ஆனிரை காத்தல், வாணிகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வார்த்தை எனப்படும். அதற்கு அடுத்து வைக்கப்பட்டது அரசு செலுத்தும் நெறி. வார்த்தையால் கருவூலமும் படையும் அமையும். அவற்றால் அரசு நடக்கும் என்று அந்நூல் இரண்டையும் பிணைத்துக் காட்டுகிறது. இன்று நான்கு அலமாரிகளில் கிடப்பவற்றை அந்நூலாசிரியர் ஒரே பேழையில் வைத்திருந்தார் என்க. உழவுத் தலைவனின் கடமைகளைக் கூறும் பகுதியில், எந்நாட்டில் எவ்வளவு மழை பெய்யும், விதையை எவ்வாறு பதப்படுத்த வேண்டும் என்பன சொல்லப்படுகின்றன. நெல் முதலியன சிறந்தவை, காய்கறி இடைப்பட்டது, கரும்பு கடைப்பட்டது என்று அது தரம் பிரிக்கிறது. கரும்புக்கு இடையூறும் செலவும் மிகுதி என்பது காரணம். கரும்பு பயிரிடும் இக்காலத்து உழவர் இதனை மறுக்கமாட்டார் போலும்! ஆனால், இந்நூலைப் படிப்போர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இது அரசன் கண்கொண்டு குடிகளைப் பார்க்கும் நூல். குடிகளின் கண்கொண்டு அரசனைப் பார்ப்பது இதில் காணப்படாது. இதன் காலத்தைப் பற்றியும் அறிஞர் ஒருமித்த கருத்துடையோர் அல்லர்.

குடிகள் தாமே ஊரை ஆண்டதற்குச் சான்றாக உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை யாவரும் காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. வெங்கையா என்னும் கல்வெட்டறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1904–05-ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் வெளியிட்டார். குடவோலை முறையைப் பாராட்டும் கட்டுரைகள் பல உள. அவற்றைப் படிப்பதினும் கல்வெட்டின் வாசகத்தையே படித்தல் நன்று. ஏரியைக் காக்க ஒரு வாரியம், தோட்டத்தைக் காக்க ஒரு வாரியம் என்று வாரியங்கள் இருந்தன. கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்னும் விதி எக்காலத்தவரும் வியக்கத்தக்கது. ஆனால், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவன் பெயரே குடத்தில் இடப்பெற்றது. அவ்வூர் ஒரு பிரமதேயம். நிலத்தில் இறங்கி உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை.

உழுதவனின் கணக்கை எழுதியவர்களுள் தமிழர் ஒருவர் முன்னணியில் நிற்கிறார். அவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சையில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த இவர், இலண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தியவர். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அரசாங்க வரவு செலவு பற்றிக் கற்றபோது, இந்திய மக்களின் வறுமைக்கும் அரசிறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகளைக் கண்ட பிறகு, குசராத்திலுள்ள மாதர் என்னும் வட்டத்தில் மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று, குடும்பங்களின் வரவையும் செலவையும் எழுதினார். வணிக நிறுவனங்களின் பேரேட்டைத் தணிக்கை செய்த கை, உழவனின் அடுப்படியைத் தணிக்கை செய்தது. ஏடில்லாதவனுக்கு ஏடெழுதிக் கொடுத்தது என்றே அதனைச் சொல்லவேண்டும்.

அவர் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூலுக்குக் காந்தியடிகள் 1945-ஆம் ஆண்டில் முன்னுரை அளித்தார். பிறவற்றைக் கொன்று வாழ்வது, மாந்தோப்பில் புகும் குரங்கைப் போல் உழைக்காமல் பறித்து வாழ்வது, தேனீயைப் போல் பெறுவதோடு பூவுக்கும் பயன் செய்து வாழ்வது, தன் கூட்டம் முழுவதற்குமாக உழைத்து வாழ்வது, தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவது போல் கைம்மாறு கருதாமல் வாழ்வது எனப் பொருளாதாரம் ஐவகைப்படும் என்பது அந்நூலின் கருத்து. தீர்ந்துபோகும் கனிப்பொருளைத் தேக்கத்து நீராகவும், மீண்டும் மீண்டும் தோன்றும் விளைபொருளை ஆற்று நீராகவும் அது எண்ணச் செய்யும். ஆலைகளைப் பற்றி அவர் கூறியவை எல்லாம் இக்காலத்துக்கு ஒவ்வா. ஆனால், ஒரு பொருளை வாங்குபவன் அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கும் பொறுப்பாளி என்று அவர் கூறுவதை எளிதில் தள்ளிவிட முடியாது. குமரப்பாவின் நூல் கையில் கிடைக்கும்போது, காந்தியடிகளை உழவின்பால் திருப்பிய ரஸ்கினின் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்னும் சிறு நூலையும் உடன் படித்தல் வேண்டும். 1904-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தர்பனுக்குச் சென்ற புகைவண்டியில் அதனைப் படித்த காந்தியடிகள், அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் என்னும் இடத்தில் 100 ஏக்கர் நிலத்தை வாங்கிக் குடியேறினார். பொருளியல் நூல் ஒன்று வழக்கறிஞர் ஒருவரை மண்வெட்டி பிடிக்கச் செய்தது அரிதான நிகழ்ச்சியே.

இறுதியாகக் கூறத்தக்க நூல், புகழ் மிகுந்ததன்று. பெரும்பாலும் மாணவர் கையால் எழுதப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராக 1915-ஆம் ஆண்டில் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். இந்நாட்டுப் பொருளியலை ஆங்கில நூல்களைக் கொண்டு கற்பித்தல் வீண் என்று அவர் கண்டார். மாணவர்களிடம் வினாநிரல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊரை ஆராய்ந்து எழுதி வருமாறு பணித்தார். நிலம் யாருடையது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, கிணறுகள் எத்தனை என்பன அவ்வினாக்கள். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் செய்திகள் 'சில தென்னிந்திய ஊர்கள்' என்னும் பெயரில் 1918-ஆம் ஆண்டில் நூலாயின.

அந்நூல் அங்ஙனமே நின்றிருப்பின் அதன் பயன் சிறிதே. ஆனால், பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்னும் இருவர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்வித்து, 1940-ஆம் ஆண்டில் மற்றொரு நூல் வெளியிட்டனர். பின்னரும் ஆராய்ச்சியாளர்கள் அவ்வூர்களைத் தேடிச் சென்றனர். இருவேல்பட்டுக்கு 1981-ஆம் ஆண்டில் சென்றோர், பெருநிலக்கிழார்களின் பிடி அப்போதும் தளராதிருக்கக் கண்டனர். 2008-ஆம் ஆண்டில் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் சென்றபோது அப்பிடி நெகிழ்ந்துவிட்டிருந்தது. ஊருக்கு வெளியே வேலை கிடைத்தமையால், உழைப்போர் ஒரு வீட்டின் வாயிலையே நம்பி நிற்கவேண்டிய நிலை குறைந்துபோயிருந்தது. சாதி வேற்றுமை மட்டும் முற்றும் மறையவில்லை. 1916-இல் மாணவர் ஒருவர் விடுமுறையில் எழுதிய குறிப்பு இல்லையேல், 92 ஆண்டுகளில் ஓர் ஊரில் எது மாறியது, எது மாறவில்லை என்று அளக்க அளவுகோலே இராது. அந்த வினாநிரலில் இருந்த வினாக்கள் எளியவை. அவற்றுக்கு விடையெழுத எழுதுகோலும், ஊரை ஒருமுறை சுற்றிவரும் கால்களும், கேட்டால் பதில் சொல்லக்கூடிய முதியோர் சிலரும் போதும்.